முதல் மாலை

எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் முதல் மாலை அவருடையதுதான். சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்கள் ரயில் பிடிப்பதற்குள், பந்தல்காரர் வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்குவதற்குள், சில வீடுகளில் அழுகையே சரியாகத் தொடங்குவதற்குள் அவர் வந்து நிற்பார். காரைத் தெருமுனையில் நிறுத்தி, செருப்பை அதிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு நடந்து வருவார். இரண்டு கையிலும் ஏந்திய ரோஜா மாலை. ஈரத்துணி சுற்றிக் கொண்டு வந்ததால் இதழ்களில் தண்ணீர் நிற்கும். மாலையைப் போட்டுவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிடுவார். செத்தவர் எந்தச் சாதி, எந்தக் கட்சி என்றெல்லாம் பார்க்க மாட்டார். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் பக்கம் திரும்பி, "நம்ம ஊட்டு சாவும்மா இது" என்பார். அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்தவர்களும் ஓவென்று கதறிவிடுவார்கள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் பெயரில் இப்போது ஒரு பஸ் நிழற்குடை இருக்கிறது, அது போதும். கோர்ட்டில் வக்கீல், மேடையில் ஒன்றியத் தலைவர், எங்களுக்கு வக்கீலண்ணன். வீடு மணவாள நகரில். திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் கேஸ் நடத்துவார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சாவென்றால் பெரியபாளையம் வழியாக வருவார். அங்கே கோயில் தெருவில் அவருக்கென்று ஒரு பூக்கடை உண்டு. போன் போட்டுச் சொல்லிவிட்டால் மாலை தயாராக இருக்கும், கார் நின்று வாங்கிக்கொண்டு கிளம்பும்.

காரின் டிக்கியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று கவரில் இருந்தது. பக்கத்தில் கறுப்புக் கோட்டு. கை கால் கழுவ ஒரு கேன் தண்ணீர். பாடையில் தோள் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் டிரைவர் தண்ணீர் ஊற்றுவார், இவர் மஞ்சள் கறை பட்ட சட்டையைக் கழற்றிப் புதுச்சட்டை மாட்டுவார், கோட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கோர்ட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்கு அது எனக்கு ஒரு பெரிய மனிதரின் ஒழுங்காகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் அவர் தொடக்கத்திலிருந்தே அப்படி இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆகிவிடுவேன்.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அவர் புது வக்கீல். மொபெட்டில் வருவார், கோட்டை மடித்து முன்னால் வைத்திருப்பார். அந்தச் சமயத்தில், நடவு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் தெரு அக்கா ஒருத்தியை ஹைவேயில் மண் லாரி அடித்துவிட்டது. லாரி பெரிய இடத்து லாரி. ஓட்டியவன் முதலாளியின் மச்சான். அவனை ஒளித்துவிட்டு வேறு ஒரு டிரைவரைக் காட்ட ஏற்பாடு நடந்தது. இவர் வந்தார். அக்காவின் உடம்புக்குப் பக்கத்தில், தார் ரோட்டில், வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரெண்டு பக்கமும் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன.

"சார், நீங்க படிச்சவரு. பாடிய எடுக்கச் சொல்லுங்க" என்று இன்ஸ்பெக்டர் கெஞ்சினார்.

"ஓட்னவன் பேர மொதல்ல எழுது சார். அது வரிக்கும் நானும் இங்கியேதான் குந்தினுகீறேன்" என்றார் இவர்.

எழுதினார்கள். மச்சான் ஜெயிலுக்குப் போனான். அன்றைக்கு டீக்கடையில் எங்கள் ஊர் ஆண்கள் அவரைச் சுற்றி நின்றபோது அவர் சொன்னதை நானும் கேட்டேன். "ஒண்ணு ஞாபகம் வச்சிக்கோங்க. பாடிய நாம வாங்காத வரிக்கும்தான் அவன் நம்ம பேச்சக் கேப்பான். வாங்கிக்கினோம்னா அப்பால நம்மள யாருன்னு கேப்பான்."

அந்தப் பாடத்தை எங்கள் ஊர் மறக்கவே இல்லை. அதன் பிறகு ஆலையில் யார் செத்தாலும் முதலில் மார்ச்சுவரி வாசலில் உட்காருவோம். கேட்டது கிடைத்த பிறகுதான் உடம்பை வாங்குவோம். பேச அவர்தான் வருவார். வேறு யாருக்கும் அந்த வாய் கிடையாது.

எங்கள் பக்கம் ஆலைகள் பெருகின, ஆலைச் சாவுகளும் பெருகின, அவரும் கூடவே பெருகினார். மொபெட் போய்ப் பழைய கார் வந்தது, பழைய கார் போய்ப் புதுக்கார் வந்தது. தோளில் கிடந்த துண்டின் கரை மூன்று முறை நிறம் மாறியது. ஒவ்வொரு தடவை கட்சி மாறும்போதும் எங்கள் ஊர் கொஞ்ச நேரம் சிரிக்கும், பிறகு அவருக்கே ஓட்டுப் போடும். அவர் ஓட்டுக் கேட்கிற அழகே வேறு. ரோடு போடுவேன், லைட்டு போடுவேன் என்று ஒரு வார்த்தை பேச மாட்டார். வாசலில் நின்று, "உங்க மாமனாரு சாவுல மழ பேஞ்சுது, ஞாபகம் கீதாம்மா?" என்று கேட்பார். ஞாபகம் இல்லாமலா போகும்? அந்த மழையில் பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவர் அவர்தானே. கல்யாணங்களுக்கு அவர் வரவே மாட்டார். "கல்யாணத்துக்கு ஆயிரம் பேரு வருவான். நம்ம மூஞ்சி எவனுக்கும் ஞாபகம் இருக்காது" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். சட்டசபைக்குச் சீட்டு கேட்டுக்கொண்டே இருந்தார், எந்தக் கட்சியும் கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்சிகளுக்குக் கண் இருந்திருக்கிறது.

எங்கள் அப்பா சாவுக்கும் அவர் வந்தார். அண்ணனைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, "இனிமே நீதான்டா இந்த ஊட்டுக்கு எல்லாம்" என்று கண் கலங்கினார். அண்ணன் அன்றிலிருந்து அவர் ஆள். தேர்தல் வந்தால் சம்பளமில்லாமல் கொடி கட்டுவான். எங்களுக்கு நிலம் கொஞ்சம் இருந்தது, போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்து விளைச்சல் படுத்துவிட்டது. அண்ணன் பழைய இரும்பை உருக்குகிற கம்பெனி ஒன்றில், கான்ட்ராக்டில், பர்னஸ் பக்கம் வேலைக்குப் போனான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

நைட் ஷிப்ட் முடிந்ததும் சில நாள் அப்படியே பகல் ஷிப்டும் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். விடிந்தும் அண்ணன் வீடு திரும்பவில்லை என்றால் பகலும் உண்டென்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த நாட்களில் அம்மா டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பாள், நான் கொண்டுபோய் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வருவேன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். வெயில் ஏறியிருந்தது. செக்யூரிட்டி டப்பாவை வாங்கிக்கொண்டு, "உள்ள குடுத்துர்றேன், நீ கெளம்பு" என்றார். எப்போதும் ரெண்டு வார்த்தை பேசுகிற ஆள், அன்றைக்குப் பேசவில்லை. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மத்தியானம்தான் எங்களுக்குச் சேதி வந்தது. அதுவும் அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றுதான் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தால் மார்ச்சுவரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எங்களுக்கு முன்னால் வக்கீலண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகம் முதற்கொண்டு துணி சுற்றியிருந்த என் அண்ணன் மேல் ரோஜா மாலை கிடந்தது.

காலை டிபன் நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் நடந்தது என்று கம்பெனியில் சொன்னார்கள். பழைய இரும்பில் ஈரம் இருந்தால் பர்னஸ் வெடிக்கும், அது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மழையில் நனைந்த இரும்பை அப்படியே கொட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று அண்ணனோடு வேலை செய்தவர்கள் எங்கள் காதில் சொன்னார்கள், சொல்லிவிட்டு நழுவிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த புகாரில் இரும்பும் இல்லை, ஈரமும் இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்து, தடுமாறி விழுந்தான் என்று இருந்தது. பக்கத்தில் குவார்ட்டர் பாட்டில் கிடந்ததாம்.

அண்ணன் குடிக்க மாட்டான். செத்தவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் குடிக்கிறவன் நான்தான்.

கம்பெனி ஆள் ஒருவன் அண்ணனுடைய துணி, செல்போன், சோற்று டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். சுத்தமாகக் கழுவி வைத்திருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரிடமும் கேட்டாள். "குடிச்சவன் இப்டி ஒரு பருக்க உடாம துன்னுட்டு டப்பாவக் கழுவி வப்பானா? யாராச்சும் சொல்லுங்க."

வக்கீலண்ணன்தான் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். "சாப்ட்டுட்டுதாம்மா போயிருக்கான். நான் உள்ள விசாரிச்சேன். வயிறு ரொம்பச் சாப்ட்டானாம். பசியோட போவல நம்ம புள்ள." அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எங்கள் ஊர் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தது. நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குடித்திருந்தான் என்கிற வார்த்தையை எடுக்க வேண்டும். எடுத்தால் உடம்பை வாங்குகிறோம். ஊத்துக்கோட்டைப் பக்கம் அண்ணனுக்குப் பெண் பார்த்திருந்தோம். விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டார், நல்லவேளை ஒரு குடிகாரனிடமிருந்து தப்பித்தோம் என்று பேசினார்களாம். அது அதற்குள் அம்மா காதுவரை வந்துவிட்டது. அவளுக்கு அந்த வார்த்தை போக வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

வக்கீலண்ணன் கம்பெனிக்காரர்களோடு உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் என்னிடம் வந்து தோளில் கை போட்டார். "மொதல்ல பாடிய வாங்கிக்கலாம் நைனா. வெயில்ல எவ்ளோ நேரம் போட்டு வைக்கிறது? அந்த வார்த்தைய நான் எடுத்துர்றேன். என் பொறுப்பு."

"நீங்கதானண்ணா சொன்னீங்க, பாடிய வாங்கிக்கினா பேச்சு முடிஞ்சிதுன்னு?"

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "அது ஊரான்கிட்ட. இங்க நடுவுல நிக்கறவன் நானு. எம்மேல நம்பிக்க இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போய், ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பிணத்துக்குத் தோள் கொடுத்த ஆளை அந்த இடத்தில் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் கிடையாது. தோள் கொடுத்துவிட்டால் அவன் பங்காளி. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அண்ணனைத் தூக்கினோம். எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊரும் இவ்வளவு சுலபமாக ஏமாந்திருக்காது.

கம்பெனி எதையோ கொடுத்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. வார்த்தை மட்டும் அப்படியே இருந்தது; அதை எடுக்கச் சொல்லி வக்கீலண்ணனே எங்கள் பேரில் கேஸ் போட்டார்.

அம்மா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது மணவாள நகருக்குப் போவாள். கத்திரிக்காய், அவரைக்காய், அறுப்பு சமயமென்றால் புது அரிசி என்று ஏதாவது மூட்டை கட்டிக்கொண்டுதான் போவாள். "அந்த வார்த்தைய எடுத்துட்டியா நைனா?" என்று கேட்பாள். அவர் எத்தனை பேர் காத்திருந்தாலும் எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். "வாய்தா போட்டுருக்காங்கம்மா. எடுத்துடலாம். நம்ம புள்ளமா அவன்." பிறகு, அவள் கேட்காமலேயே, "வயிறு ரொம்பச் சாப்ட்டுட்டுதாம்மா போனான்" என்பார். அதைக் கேட்கத்தான் அவள் அவ்வளவு தூரம் பஸ் மாறிப் போகிறாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. திரும்பி வருகிற அன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருக்கும். ஒரு வாய் கூடச் சாப்பிடுவாள்.

ஒருநாள் நானே கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கம்பெனி பக்கம் நின்ற வக்கீல் அவருடைய பழைய ஜூனியர். ரெண்டு பேரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஜூனியர் வாய்தா கேட்டார், இவர் தலையை ஆட்டினார். டாக்டர் ரிப்போர்ட் முதற்கொண்டு எல்லாக் காகிதமும் இவருடைய கேஸ் கட்டுக்குள்தான் இருந்தது. ஒருமுறைகூட எங்களிடம் காட்டியதில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். "அவரு எம்புள்ளைக்குத் தோள் குடுத்தவரு. கோர்ட்டு விசயம்லாம் ஒனக்கு இன்னா தெரியும்? போடா, பேஜாரு பண்ணாத." அதற்கடுத்த தேர்தலிலும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள். எனக்குத் தெரியாமல் போடவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

நான் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போய்விட்டேன். கேஸ் இருந்ததா செத்ததா என்று தெரியாமலே காலம் ஓடியது.

போன ஆடியில் அவர் செத்தார். மாரடைப்பு. சேதி கேட்டதும் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "நம்ம ஊட்டு சாவுக்கு வந்து நின்ன மனுசன்டா. எனக்கு மூட்டு வலியில நடக்க முடியல. நீ போயி என் பேருக்கு ஒரு மாலை போட்டுட்டு வா." நான் முடியாது என்றேன். அவள் சாப்பிட மாட்டேன் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடைசியில் வண்டியை எடுத்தேன்.

பெரியபாளையத்தில் ஆடிக் கூட்டம். வேப்பிலையும் பொங்கல் புகையுமாகத் தெரு அடைத்துக் கிடந்தது. அவர் வாங்குகிற அதே கடையில் நின்றேன். பூக்கார அம்மா மாலை கட்டிக்கொண்டே அழுதாள். வக்கீலண்ணனுக்குத்தான் என்றதும் ரெண்டு ரோஜாச் செண்டு கூடவே வைத்துக் கட்டினாள்.

"அவர மாரி இன்னொரு மனுசன் பொறக்க மாட்டான்பா. சாவுன்னா அந்த ஊட்டுக்காரனுக்கே தெரியறதுக்கு முன்னால அவருக்குத் தெரிஞ்சிரும். இரும்பு கம்பெனில ஒரு பையன் பர்னஸ் வெடிச்சு செத்தான் பாரு, கல்யாணம் ஆவாத பையன், அன்னைக்கி நான் கட வாசல்ல தண்ணி கூட தெளிக்கல, இன்னும் இருட்டு, போன் வருது. சின்ன வயசுப் பையன்மா, நல்ல ரோசாவா பாத்து கட்டி வைன்னு."

"விடியறதுக்கு முன்னாலயா? நல்லாத் தெரியுமா?" என்றேன்.

"இன்னாபா இப்டி கேட்டுட்ட? என் தங்கச்சி புள்ளயும் அதே கம்பெனிலதான் நைட் டூட்டி. யாருண்ணான்னு அழுவறேன். 'ஒன் ஊட்டு ஆளு இல்லம்மா, பயப்படாத'ன்னு சொல்லி ஊர் பேரச் சொன்னாரு. 'இன்னும் அவங்க ஊட்டுக்குச் சொல்லல, நீ வாயத் தொறக்காத'ன்னாரு. எவ்ளோ பக்குவம் பாரு."

சொன்னது எங்கள் ஊர் பெயர். அவளுக்கு நான் யாரென்று தெரியாது. ஈரத்துணியில் சுற்றி மாலையை என் கையில் கொடுத்தாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றேன். இருட்டிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லியிருப்பார்கள்? கம்பெனிதான். எங்களுக்குச் சொல்வதற்கு முன்னால், ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்கும் முன்னால் இருக்கலாம். விடிவதற்கும் மத்தியானத்துக்கும் நடுவே நனைந்த இரும்பை அள்ளியிருக்கிறார்கள், தரையைக் கழுவியிருக்கிறார்கள், பாட்டில் தேடியிருக்கிறார்கள், நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். புகாரில் எந்த வார்த்தை இருந்தால் கேஸ் நிற்காது என்று சொல்லிக் கொடுக்கச் சட்டம் படித்த ஒரு ஆள் வேண்டுமே. அவர் போகிற வழியில் மாலையும் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷமாக அவர் எப்படி எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறார் என்று நாங்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மணவாள நகருக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியில் தொங்கிய மாலையைப் பார்த்ததும் பதறிப்போனாள். "இன்னாடா இது? சாவு மாலைய எவனாச்சும் ஊட்டாண்ட கொண்டாருவானா? போடலியா நீ?"

மாலையை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூக்கார அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றவில்லை. பாட்டிலைப் பற்றிச் சொன்னேன், புகாரைப் பற்றிச் சொன்னேன். அவள் திட்டுவாள், வக்கீலண்ணனைச் சபிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். புகார், பாட்டில் எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"இருட்லயா?" என்றாள்.

"ஆமாம்மா. விடியறதுக்கு முன்னாடியே."

"நீ சோறு எடுத்துக்கினு போனப்ப வெயில் வந்துருச்சே."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"சாப்ட்டான்னாரே. வயிறு ரொம்பன்னாரே. ஒவ்வொரு தபாவும் சொன்னாரே." அவள் என் சட்டையைப் பிடித்தாள். "அப்போ நான் கட்டிக் குடுத்த சோத்த எவன்டா துன்னான்?"

அதற்குப் பதில் தெரிந்த ஆளை அந்நேரம் மணவாள நகரில் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.